விரல் வைத்துச் சொல், தம்பி

மலாக்காவில், காஜா பெராங்கில் அந்த அம்மாள் மீன் வாங்கும் அழகை ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும். கடலோரத் தெங்கேராவிலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரரிடம், இது இன்றைக்குப் பிடித்த மீனா என்று கேட்பார். அவர் ஆமாம் என்பார். உடனே இவர், "தாரோ ஜாரி" என்பார். விரல் வை. மீன்காரர் சிரித்துக்கொண்டே செவுளைத் தூக்கி, சிவந்த இடத்தில் விரலை வைத்து, "இன்றைக்குப் பிடித்தது" என்று இன்னொரு முறை சொல்ல வேண்டும். அப்போது அந்த அம்மாள் மீனைப் பார்க்க மாட்டார். விரலைத்தான் பார்ப்பார். ஒரு நாள் மீன்காரர் விரல் வைக்காமல் பேச்சை மாற்றினார். அன்றைக்கு அந்த வீட்டில் வெறும் கீரை.

மீன்காரர் மட்டுமா? நாள் பார்த்துச் சொல்லும் குருக்கள் பஞ்சாங்கத்தில் அந்த நாள்மேல் விரல் வைக்க வேண்டும். கெபாயா தைத்துக் கொடுப்பவர் தையலின்மேல் விரல் வைத்து, இது பிரியாது என்று சொல்ல வேண்டும். ஏன் இப்படி என்று நானே ஒரு தடவை கேட்டேன்.

"வாய் சும்மா இருக்குமா தம்பி? எதையாவது சொல்லிக்கிட்டே இருக்கும். விரல் பேசாது. வச்ச இடத்துல வச்சபடி இருக்கும்" என்றார்.

அவர் இதைத் தமிழில் சொல்லவில்லை. அவர் மலாக்கா செட்டி இனத்தவர், எந்தக் காலத்திலோ வந்து அங்கேயே மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழி. நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். அந்த மலாயில் அங்கங்கே தமிழ்ச் சொற்கள் தலை காட்டும். 'தம்பி' அவற்றில் ஒன்று. நாங்கள் அவரை 'பிபிக்' என்போம், வயதில் மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அவர் பேசியதையெல்லாம் நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். பெயர் எனக்குத் தெரியும். அதை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஜப்பான்காரன் வந்தபோது நான் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தேன். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பெண்டஹாரா சாலையில் மசாலைக் கடையில் எடை போடும் என் அப்பா, நானும் கடைக்கு வருவேன் என்று நினைத்திருந்தார். நானா போவேன்? மூன்றே மாதத்தில் கத்தாக்கானா எழுத்தைப் படித்தேன். ஜப்பானிய மொழி வகுப்பில் முதல் ஆள். அதைக் காட்டியே நிலங்களுக்கு வரைபடம் போடும் ஆபிசில் நுழைந்துவிட்டேன். வயது பத்தொன்பது. கேட்ட கேள்விக்கு, கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்த காலம்.

அந்த ஆபிசிலோ பதில் என்ற சரக்கே கிடையாது. எந்த நிலத்தில் வீடு இருக்கலாம், எந்த நிலத்தில் மரவள்ளி நட வேண்டும், எதைப் பாதைக்கு எடுக்கப்போகிறார்கள் என்று கேட்டுத் தினமும் பத்துப் பேராவது வருவார்கள். முன்மேசையில் இருந்த பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கண்ணாடிச் சில்லு உடைந்துபோன மூக்குக் கண்ணாடிக்குள்ளிருந்து எல்லோரையும் ஒரே மாதிரி பார்த்து, "அடுத்த வாரம் வா" என்று மலாயில் சொல்லி அனுப்பிவிடுவார்.

"ஏன் சார், தெரியாதுன்னாவது சொல்லலாமே?" என்று கேட்டேன்.

"தெரியாது எண்டால் வேலை போகும். தெரியும் எண்டால் தலை போகும். அடுத்த கிழமை எண்டால் ஒண்டும் போகாது. நீர் ஏன் இப்பிடிப் பறக்கிறீர்?"

அவரைக் கோழை என்று மனதுக்குள் முடிவு கட்டினேன்.

பிபிக் செவ்வாய்க்கிழமைதோறும் வருவார். வாசற்படியில் உட்கார்ந்து ஒரு வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டு, வாய் சிவந்த பிறகே உள்ளே வருவார். "விரல் பிபிக் வந்தாச்சு!" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். அவருக்கு ஒரே கேள்வி. பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் லாரிகள் போக, காஜா பெராங் வழியாகப் பாதையை அகலமாக்கப் போவதாக ஊரில் பேச்சு. என் வீடு நிற்குமா, நிற்காதா?

அவருடைய மகனைச் சயாமில் ரயில் பாதை போடுவதற்கென்று லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்று மாதம் என்று சொன்னவர்களிடம் விரல் வைக்கச் சொல்ல முடியவில்லை, அவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. மூன்று மாதம் ஒரு வருடமாகிவிட்டது. பொங்கலுக்கு முன் செட்டிகள் வீட்டுக்குள்ளே வாழையிலை போட்டு, செத்துப்போன முன்னோர்களுக்குப் படைப்பார்கள். அந்த வருடம் பக்கத்து வீட்டுக்காரி, மகனுக்கும் ஓர் இலை போடலாமே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாளாம். பிபிக் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

"என் பையன் ராத்திரியோ பகலோ எப்ப வந்தாலும் அந்தக் கதவைத்தான் தள்ளுவான். அவனுக்கு வேற கதவு தெரியாது. கதவு இருக்குமா தம்பி? அத மட்டும் சொல்லு. கூரை ஒழுகுது. வீடு நிக்கும்னா புது அத்தாப்பு ஓலை போடணும்."

"அடுத்த வாரம்" என்பார் பெரிய கிராணி.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பான் அதிகாரி புது வரைபடம் கேட்டார். வீடுகள் நிற்கலாம் என்ற நிலத்துக்கு மஞ்சள். பயிருக்குப் பச்சை. காலி செய்ய வேண்டியதற்குச் சிவப்பு. வெள்ளைக்காரன் விட்டுப்போன வர்ணக்கட்டிகளில் சிவப்பும் பச்சையும் கொஞ்சம் மிச்சம். மஞ்சள் சுத்தமாக இல்லை. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்பாவின் கடைக்குப் பறந்தேன். மஞ்சளை இடித்து, கொதிக்க வைத்து, வடிகட்டி, மரவள்ளி மாவுக் கஞ்சியில் குழைத்துப் பூசினேன். என்ன நிறம்! வெயில் பட்ட மாதிரி இருந்தது காகிதம். அதிகாரி குனிந்து பார்த்து, "ஜோத்தோ, ஜோத்தோ" என்றார். பிரமாதம் என்று அர்த்தம். எதில் செய்தாய் என்று கேட்டார். சமையல் மஞ்சள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்து ரசாயனப் பாடத்தில் கற்றது, வேர்களிலிருந்து எடுக்கும் ஒரு சாயம் என்றேன். அவர் தன் சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து எனக்குக் கொடுத்தார். ஜப்பானியப் பென்சில். அதைக் காதில் செருகிக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன்.

வரைபடம் காய்ந்த வாரம், செவ்வாய்க்கிழமை, பெரிய கிராணிக்குக் காய்ச்சல். முன்மேசையில் நான்.

பிபிக் வந்தார். கேள்வியை ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. "வாங்க பிபிக், இன்னைக்கே பதில்" என்று உள்ளே ஓடி, வெளியார் பார்க்கக் கூடாத அந்த வரைபடத்தையே கொண்டுவந்து மேசைமேல் விரித்தேன். காஜா பெராங் பாதை, கிணறு, அவருடைய நிலம். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும் அந்தக் கட்டம். பளிச்சென்று மஞ்சள்.

"தாரோ ஜாரி" என்றார்.

வைத்தேன். "மஞ்சள். உங்க வீடு நிக்கும்."

என் விரலை வெகுநேரம் பார்த்தார். நடுங்கவில்லை, ஏன் நடுங்க வேண்டும், நான் சொன்னது சத்தியம். நான் விரலை எடுத்ததும் அவர் தன் ஆட்காட்டி விரலை அதே இடத்தில் வைத்து அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொன்னார். மகனுடைய பெயராக இருக்கலாம். பிறகு என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அந்த வேகத்தில் படி இறங்கி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

வரைபடத்தைச் சுருட்டப் போனேன். அந்தக் கட்டத்தில் சிவப்பாக ஒரு விரல்.

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிய விரல். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டு கரைக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். என் அம்மா கரைப்பதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! ரசாயனம் படித்த எனக்குத்தான் அது நினைவில்லாமல் போயிற்று.

மாலை மூன்று மணிக்கு அதிகாரி வரைபடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. வெளியார் கைப்பட்டது தெரிந்தால் அறை விழும். அதைவிட, வேரும் ரசாயனமும் போய், இது சமையலறை மஞ்சள் என்பது வெளியாகிவிடும். எனக்கு யோசனைகள் எப்போதும் சீக்கிரம் வரும். அன்றும் வந்தது. தூரிகையைத் தண்ணீரில் தொட்டு, அந்த விரல் கறையைக் கட்டத்தின் நான்கு மூலைக்கும் இழுத்துவிட்டேன். சுத்தமாகப் பரவியது. பரிசுப் பென்சிலால் ஓரங்களில் ஒரு கோடு. இப்போது அது கறை இல்லை. ஒரு சிவப்பு நிலம். நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம், ஒரே நாள், ஒரே கட்டம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அதிகாரி பார்த்தார், தலையசைத்தார், வரைபடத்தை மாடிக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் பெரிய கிராணி காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தார். காலி செய்ய வேண்டிய நிலங்களின் பட்டியலை அன்றே கொடுக்க வேண்டுமாம். அவர் வரைபடத்தைப் பார்த்துச் சிவப்பு எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் கத்தாக்கானாவில் எழுதினேன். காஜா பெராங் வந்தது. அந்த எண்ணில் அவர் நின்றார். உடைந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது அந்த விரல் மனுசியின்ர காணியெல்லோ? இது மஞ்சள்தானே?"

நான் நிமிரவில்லை. "மாத்திட்டாங்க போல சார்."

"ஆர் மாத்தினது?"

"மேல இருந்து."

மேலே இருந்து என்று சொன்னால் அந்த ஆபிசில் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. அவர் எண்ணை வாசித்தார். எழுதினேன். எழுத்து அழகாகத்தான் வந்தது.

அறைக்குப் பயந்தேன் என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மாடிப்படி பதினான்கு. பட்டியல் மேலே போன பிறகும் இரண்டு நாள் அங்கேதான் கிடந்தது. ஏறிப் போய், 'துவான், அது கறை' என்று சொல்லியிருந்தால் ஓர் அறை, அதிகம் போனால் இரண்டு. அதை நான் தாங்கியிருப்பேன். பென்சிலைத் திருப்பிக் கேட்பார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

அந்த இரண்டு நாளில் பிபிக் கூரை வேய்ந்துவிட்டார்.

இடிக்கப் போன அன்று நான் சைக்கிளில் போய் வளைவில், ஒரு ரம்புத்தான் மரத்துக்குப் பின்னால் நின்றேன். புது அத்தாப்பு இன்னும் வெளுக்கவில்லை. ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். சாமான்களை அக்கம்பக்கத்தார் வெளியே போட்டார்கள். பிபிக் அழவில்லை, சாபமிடவில்லை. ஆட்களில் மூத்தவனிடம் போய் ஏதோ கேட்டார். அவன் தயங்கிவிட்டு உளியால் கீல்களைப் பெயர்த்துக் கொடுத்தான். வீட்டின் முன்கதவு. அதைத் தலையில் ஒருபுறமும் பக்கத்து வீட்டுக்காரியின் தோளில் மறுபுறமுமாகத் தூக்கிக்கொண்டு போனார். பேச்சை நிறுத்தியிருந்தாரே, அதே பக்கத்து வீட்டுக்காரி.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபிசுக்கு வந்தார். அன்றைக்கு வெற்றிலை போட்டிருக்கவில்லை. சிரிப்புச் சத்தம் எதுவும் எழவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"காட்டு தம்பி."

விரித்தேன்.

"தாரோ ஜாரி."

வைத்தேன். சிவப்பின்மேல். "சிவப்பு, பிபிக். அப்புறமா மாத்திட்டாங்க."

என் விரலைப் பார்த்தார். அது நடுங்கியது, நானே பார்த்தேன். அவரும் பார்த்தார். இப்போது பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். பிடிபட்டுவிட வேண்டும் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டேன். அவர் தன் கையை என் கைமேல் வைத்தார்.

"நீ என்னப்பா செய்வ? சின்னப் பையன். எனக்காக வருத்தப்படுற. இந்த ஆபிஸ்ல விரல் வச்சுச் சொன்னவன் நீ ஒருத்தன்தான்."

பிறகு இடுப்பிலிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்தார். தெங்கேராவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாக அதில் எழுதித் தரச் சொன்னார். மகனுக்கு மலாயில் எழுத்துக்கூட்டிப் படிக்க வருமாம். எழுதினேன். அதைக் கிணற்றடியில் நட்டுவைத்தார். மழையில் எழுத்து மங்கியபோதெல்லாம் யாருக்கும் தெரியாமல் போய்த் திரும்ப எழுதிவிட்டு வந்தேன். மூன்று தடவை. அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை என்பது தெரிந்தே எழுதினேன்.

பாதை அகலமாகவே இல்லை. லாரிகள் வேறு வழியில் போயின. பிறகு ஜப்பான்காரனும் போய்விட்டான்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த சில மாதங்களில், ஒரு காலை இழுத்துக்கொண்டு ஓர் ஆள் முன்மேசைக்கு வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். பார்த்த முகம் போலவும் இருந்தது, பார்க்காதது போலவும் இருந்தது.

"பலகையில எழுதின தம்பி நீங்கதானா?" என்று மலாயில் கேட்டான்.

தலையை ஆட்டினேன்.

"சயாம்ல இருந்து நடந்தும் வண்டியிலயும் வந்து சேர்ந்தேன். வீடு இருந்த எடத்துல வெறும் லாலாங் புல்லு. அம்மா செத்துட்டாங்கன்னு நெனச்சு கிணத்தடியில உக்காந்துட்டேன். அப்பத்தான் பலகை கண்ணுல பட்டுது. எழுத்து புதுசா இருந்துச்சு." அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருக்காங்க. படியேற முடியல, அதான் என்னை அனுப்புனாங்க. கதவு இருக்கு. பழைய எடத்துலயே வீடு கட்டலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. வேற யாரு சொன்னாலும் நம்பாத, அந்தத் தம்பி விரல் வச்சு மஞ்சள்னு சொல்லணும்னாங்க."

பதில் எனக்குத் தெரியும். ஜப்பான்காரன் போட்ட சிவப்பெல்லாம் செல்லாது என்று உத்தரவு வந்துவிட்டது. தாராளமாகக் கட்டலாம். ஆனால் காகிதப் பஞ்சத்தில் பழைய ஆங்கிலேய வரைபடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, பின்பக்கத்தில் பட்டியல் எழுதித் தீர்த்திருந்தோம். இருந்தது நான் வர்ணம் பூசிய அந்த வரைபடம் ஒன்றுதான்.

அவனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உள்ளே போய் வரைபடத்தை விரித்தேன். என் சாப்பாட்டுப் பொட்டலத்தில் கஸ்தூரி எலுமிச்சை ஒன்று இருந்தது. கிள்ளி, அந்தக் கட்டத்தில் ஒரு சொட்டு விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு இளகி, ஓரத்திலிருந்து உள்ளே வடிந்து, மஞ்சளாகிவிட்டது. அவ்வளவுதான். ஒரு சொட்டு. மூன்று மூச்சு விடும் நேரம்.

அவனைக் கூப்பிட்டேன். விரல் வைத்தேன். "மஞ்சள். கட்டலாம்."

அவன் குனிந்து பார்த்தான். "அப்ப சிவப்புன்னு அம்மா சொன்னாங்களே. எப்ப மாத்தினாங்க?"

இதுதான் சமயம் என்று தெரிந்தது. பின்னால் பெரிய கிராணி எழுதுவதை நிறுத்தியதும் கேட்டது.

"இப்பத்தான்" என்றேன்.

அவன் தாயைப் போலவே தன் விரலையும் அங்கே வைத்து அழுத்தினான். எடுத்துப் பார்த்தான். ஈரமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கிரகப் பிரவேசத்துக்கு நீங்கள் அவசியம் வர வேண்டும், முதல் ஆளாக உங்களைத்தான் கதவைத் தள்ளச் சொல்லுவாராம் அம்மா என்றான்.

வருகிறேன் என்று சொன்னேன். விரல் வைக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை.

வீடு கட்டி முடிந்து இரண்டு வருடமாகிறது. அந்தக் கதவை நான் இன்னும் தள்ளவில்லை.